ராத்திரித் தண்ணீர்

கெளுத்திக்கும் விலாங்குக்கும் பகலில் வேலை கிடையாது. பாறை இடுக்கிலும் சேற்றிலும் படுத்துக் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகுதான் இரை தேடக் கிளம்பும். பகல் வெளிச்சத்தில் நைலான் வலையையும் மீன் பார்த்துவிடும். ராத்திரி என்றால் பார்க்காமல் வந்து மாட்டும். ஆறோ, அணையோ, கடலோ, மீன் பிடிக்கிறவர்கள் நாம் பாயை விரிக்கும் நேரத்தில் வேலைக்குப் போவதற்கு இதுதான் காரணம். ஆசைப்பட்டு யாரும் இருட்டில் தண்ணீரில் இறங்குவதில்லை.

இருட்டில் என்ன பயம் என்று கேட்டால் சுழல், பாம்பு, பேய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாம் பக்கத்தில் இருக்கிற பயங்கள். ஆளைக் கொண்டுபோகிற ஆபத்து பல சமயம் எங்கோ தொலைவிலிருந்து வருகிறது. தண்ணீரில் நீங்கள் நிற்பதே தெரியாத யாரோ ஒருவர் செய்கிற காரியத்தால் வருகிறது.

மூங்கில்துறைப்பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சர்க்கரை ஆலையை வைத்துத் தெரிந்த ஊர். ஊரின் பெயரிலேயே துறை இருக்கிறது. தென்பெண்ணைக் கரை. ஆற்றின் மேல்பக்கம், மலைகளுக்கு நடுவில், 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணை. 119 அடி நீர்மட்டம், 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவு. அணை வந்த பிறகு ஆறு அடங்கிவிட்டது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. வருஷத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும், நினைக்காமல் என்ன செய்வார்கள்?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. ஏறிய புயல் சட்டென்று நகரவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அத்தனையும் சாத்தனூரைப் பார்த்து ஓடியது. டிசம்பர் 2-ம் தேதி, விடிவதற்கு வெகுநேரம் முன்பே அணையிலிருந்து வெளியேறிய தண்ணீர், விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி.

நான் படித்தது பி.காம். கன அடியெல்லாம் எனக்கு நேரடியாக மண்டையில் ஏறாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கன அடி என்றால் 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக, விநாடிக்கு 47 லட்சம் லிட்டருக்கும் அதிகம். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி, ஒரு விநாடிக்குச் சுமார் 400! இன்னொரு கணக்கும் உண்டு. மேலேயிருந்து ஒரு சொட்டுகூட வராமல் இதே வேகத்தில் திறந்துவிட்டால், நிறைந்து நிற்கும் சாத்தனூர் அணை சுமார் 12 மணி நேரத்தில் காலி. அப்படியென்றால் வந்த வெள்ளம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்து வைப்பது நடக்கிற காரியமில்லை.

திறந்த பத்து மாதம்கூட வேண்டாம், மூன்றே மாதமான பாலம் ஒன்று, சுமார் 16 கோடி ரூபாயில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவில் கட்டியது, அந்த வெள்ளத்தில் போனது. கடலூர் வரை கரையோர ஊர்கள் முழுகின. முன்னறிவிப்பே இல்லாமல் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு.

அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. எச்சரிக்கை எங்கே போய்ச் சேருகிறது? தாலுகா ஆபீஸுக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு, தண்டோராவுக்கு, செல்போனுக்கு. ராத்திரி வலையோடு ஆற்றில் இறங்குகிறவர் முதலில் செய்கிற காரியம், செல்போனைக் கரையில் சட்டையோடு கழற்றி வைப்பது. புயல் ராத்திரியில் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள், சரி. ஆனால் இங்கே வானம் தெளிவாக இருந்து, மேலே கிருஷ்ணகிரியில் மழை கொட்டுகிற ராத்திரிகளும் உண்டே. முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறுவதைப் பகலில் கண்ணால் பார்த்து ஓடிவரலாம். இருட்டில் உடம்பில் பட்ட பிறகுதான் தெரியும்.

கடலில் தண்ணீருக்குப் பதில் கப்பல். கதை மட்டும் அதேதான்.

2012 பிப்ரவரி 15. கேரளக் கடலில் ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலின் காவலர்கள் சுட்டதில், குமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் உள்பட இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். உலகமே பேசியது. சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போய், 2021-ல் பத்து கோடி ரூபாய் நஷ்டஈட்டில் வழக்கு முடிந்தது. அது பட்டப்பகல். துப்பாக்கி இருந்தது, சுட்டவர் இருந்தார்.

அது நடந்து சரியாகப் பதினைந்தாவது நாள், மார்ச் 1, நள்ளிரவு தாண்டி, அதே கேரளக் கடலில், ஆலப்புழைக்கு அப்பால் ஒரு மீன்பிடிப் படகின்மேல் கப்பல் ஏறியது. ஐந்து உயிர்கள். ‘பிரபு தயா’ என்ற கப்பலை அடையாளம் கண்டு சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? எனக்கே இதை எழுதத் தேடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இத்தனைக்கும் ராத்திரிக் கடலுக்கு விளக்குச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை என்ற ஏற்பாட்டை 1840-களிலேயே நீராவிக் கப்பல்களுக்கு பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது உலகம் முழுக்க 1972-ம் வருஷத்து விதிகள். இழுவலைப் படகு என்றால் வெள்ளைக்கு மேலே பச்சை விளக்கு. மற்ற வலை விரித்திருந்தால் வெள்ளைக்கு மேலே சிவப்பு. பார்த்தவுடன் தெரிந்து ஒதுங்க வேண்டும்.

பார்த்தால்தானே! கப்பலின் மூக்குக்கு முன்னால் 500 மீட்டர் வரை, மேல்தட்டில் நிற்கும் அதிகாரிக்குக் கடல் தெரியாமல் இருக்கலாம் என்று சர்வதேச விதியே அனுமதிக்கிறது. ராடாரில் இரும்பு பளிச்சென்று தெரியும். மரமும் ஃபைபரும் மங்கல், அலை எழுந்தால் அதற்குள்ளேயே மறைந்துபோகும். அப்படியே கண்ணில் பட்டாலும் பெரிய கப்பலுக்கு சைக்கிள் மாதிரி பிரேக் கிடையாது. நிற்பதற்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடிவிடும். தன் பெயரையும் போகிற திசையையும் தானாக அறிவிக்கிற கருவி 2004 முடிவிலிருந்தே கடல் தாண்டிப் போகும் பெரிய கப்பல்களுக்குக் கட்டாயம். கப்பலும் கப்பலும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன. நடுவில் வலை போட்டுவிட்டு, முறை வைத்துத் தூங்குகிற சின்னப் படகு அந்தப் பேச்சில் சேரவில்லை.

2021 ஏப்ரலில் கோழிக்கோட்டுப் பக்கம் பேப்பூரிலிருந்து ‘ரபா’ என்ற படகு போனது. படகில் 14 பேர். அதில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். கேரளத் துறைமுகங்களிலிருந்து புறப்படுகிற ஆழ்கடல் படகுகளில் நம் ஆட்கள்தான் நிறையப் பேர். மங்களூருக்கு மேற்கே, நடுராத்திரி தாண்டிய நேரம், சிங்கப்பூர்க் கொடி பறந்த ‘ஏபிஎல் லெ ஆவ்ர்’ என்ற கண்டெய்னர் கப்பல் மோதியது. கடலோரக் காவல் படைக்குத் தகவல் போய், தேடியதில் உயிரோடு கிடைத்தவர்கள் இரண்டே பேர். கடலடியில் கிடந்த படகுக்குள் கடற்படை முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடினார்கள்.

2024 ஆகஸ்ட் 30-ம் தேதி, ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். புயல் வருகிறது என்று கரையிலிருந்து சொல்லலாம், ஆபத்து என்று படகிலிருந்தும் சொல்லலாம். நல்ல விஷயம். கடலுக்காவது இது வந்தது. தென்பெண்ணையில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவருக்கு, இன்றைக்கும் கரையிலிருந்து யாராவது சத்தம் போட்டுக் கூப்பிட்டால்தான் உண்டு.