சிறுகணினியின் முதல் நொடி: பூட்லோடரும் ஃபைல் சிஸ்டமும் வந்த வழி

மின்சாரம் வந்த அந்த நொடியில் எந்தச் செயலிக்கும் கோப்பு, அடைவு, இயங்குதளம் எதுவும் தெரியாது. நிர்ணயித்த ஒரு முகவரிக்குப் போய் அங்கிருக்கும் முதல் கட்டளையை எடுத்து நிறைவேற்றும், அவ்வளவுதான். அதன்பின் இயங்குதளத்தை நினைவகத்துக்குக் கொண்டுவந்து பொறுப்பை ஒப்படைக்கும் நிரல்தான் பூட்லோடர். மேசைக் கணினியில் இந்த வேலையை பயாஸ் போன்ற ஆயத்த நிரல் தொடங்கிவைத்துவிடும். ரூட்டர், கேமரா, மின்மானி போன்றவற்றுக்குள் இருக்கும் சிறுகணினியிலோ, பலகையை வடிவமைப்பவரே பூட்லோடரையும், கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அவர்முன் இருக்கும் தேர்வுகளில் பெரும்பாலானவை பிளாஷ் நினைவகத்தின் முரட்டுக் குணங்களைச் சமாளிக்கப் பிறந்தவை.

தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984இல் நார் வகை பிளாஷையும் 1987இல் நாண்ட் வகையையும் அறிமுகப்படுத்தினார். நாரில் செயலி முகவரி கொடுத்து நேரடியாகப் படிக்கலாம். நிரலை இடம் மாற்றாமலே ஓட்டலாம். ஆனால் விலை அதிகம். நாண்ட் மலிவு, கொள்ளளவும் பெரிது. பக்கம் பக்கமாகத்தான் படிக்க முடியும், ஆலையிலிருந்தே சில பழுதான தொகுதிகளோடு வரலாம். இரண்டுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. எழுதிய இடத்தில் மறுபடி எழுத வேண்டுமானால் 64 அல்லது 128 கிலோபைட் போன்ற அளவு கொண்ட தொகுதி முழுவதையும் முதலில் அழிக்க வேண்டும். அப்படி ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை அழித்தால் தொகுதி தேய்ந்துவிடும். பின்னால் வந்த நெருக்கமான நாண்ட் சிப்களில் இந்த ஆயுள் சில ஆயிரமாகச் சுருங்கியது.

ஹார்டு டிஸ்க் காலத்து ஃபேட், எக்ஸ்ட்2 ஆகியவை இந்தக் குணத்துக்கு நேர் எதிரானவை. கோப்பு மாறும்போதெல்லாம் அட்டவணையை அதே இடத்தில் திருப்பி எழுதுவதால் அந்தத் தொகுதி மட்டும் சீக்கிரம் தேயும். அழித்து முடித்து எழுதத் தொடங்கும் இடைவெளியில் மின்சாரம் போனால் அட்டவணையே போய்விடும். ஜொகூரின் லாயாங் லாயாங் வட்டாரத்தில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் மழையளவு பதியும் கருவியை வைப்பதானால் இது வெறும் ஏட்டுக் கவலையல்ல; தீபகற்ப மலேசியா இடிமின்னலுக்குப் பேர்போனது. திரையும் விசைப்பலகையும் இல்லாத கருவி, டிஸ்கைச் சரிபார்க்கலாமா என்று கேட்டு நின்றுவிட்டால் பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

1999இல் சுவீடனின் லுண்ட் நகரில் உள்ள ஆக்சிஸ் கம்யூனிகேஷன்ஸ், லினக்ஸுக்காக ஜேஎஃப்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை வெளியிட்டது. நெட்வொர்க் கேமரா செய்யும் நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் அன்றாடம் என்பதால் விடை அங்கிருந்து வந்ததில் வியப்பில்லை. அடிப்படை யோசனையை, ஹார்டு டிஸ்கை மனத்தில் கொண்டு, பெர்க்லியில் ரோசன்பிளமும் ஔஸ்டர்ஹவுட்டும் 1990களின் தொடக்கத்திலேயே முன்வைத்திருந்தார்கள். தோட்டத்துக் கிராணி பேரேட்டில் பழைய வரியைச் சுரண்டாமல் கீழே புது வரி எழுதுவதைப் போல, மாற்றம் ஒவ்வொன்றும் புதிய இடத்தில் பதிவாகும். பாதியில் மின்சாரம் நின்றால் கடைசிப் பதிவு மட்டும் வீண். முந்தையது அப்படியே இருக்கும். ரெட்ஹாட்டின் டேவிட் வுட்ஹவுஸ் 2001இல் தரவைச் சுருக்கும் வசதியோடு இதைத் திருத்தி எழுதினார். அதுவே ஜேஎஃப்எஃப்எஸ்2.

அதே 2001இல் பெங்களூரில் சிம்ப்யூட்டர் வெளியானது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் வடிவமைத்த இந்தக் கையடக்கக் கணினியை 9,000 ரூபாய்க்குக் கொடுப்பது இலக்கு. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, லினக்ஸ், சிறு பேட்டரிகள். ஹார்டு டிஸ்க் கிடையாது. ஒரு கருவியைக் கிராமமே பகிர்ந்துகொள்ளும் என்று கருதியதால், ஒவ்வொருவரின் தரவும் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும்படி செய்தார்கள். யாருடைய கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இவ்வளவு யோசித்துச் சொன்ன விடை அக்காலத்தில் அரிது. விற்பனையில் அது எழவில்லை என்பது வேறு கதை.

ஜேஎஃப்எஃப்எஸ்2 தொடங்கும்போது பிளாஷ் முழுவதையும் துழாவிப் பார்க்கும். 16 மெகாபைட்டில் இது பொருட்டில்லை. நூற்றுக்கணக்கான மெகாபைட் நாண்ட் வந்ததும் காத்திருப்பு நீண்டது. நாண்டுக்கென்றே சார்ல்ஸ் மேனிங் 2002இல் எழுதிய யாஃப்ஸ், தொடக்ககால ஆண்ட்ராய்டு போன்களில் இடம்பிடித்தது. நோக்கியாவும் ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய யூபிஐஎஃப்எஸ் 2008இல் லினக்ஸில் சேர்ந்தது. தேய்மானத்தைப் பரப்புவதையும் பழுதுத் தொகுதிகளை ஒதுக்குவதையும் அது யூபிஐ என்ற கீழடுக்கிடம் விட்டது; எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற பட்டியலையும் பிளாஷிலேயே வைத்ததால் முழுத் துழாவல் ஒழிந்தது.

பூட்லோடரின் கதையில் நெடுங்காலம் ஆளுக்கொரு நிரல், பலகைக்கொரு நிரல். பவர்பிசி பலகைகளுக்காக மாக்னஸ் டாம் எழுதிய ஒரு சிறு நிரலை எடுத்து வொல்ஃப்காங் டெங்க் பிபிசிபூட்டாக வளர்த்தார். ஆர்ம் செயலிக்கான ஆர்ம்பூட்டும் அதில் கலந்தபின், 2002இல் பெயர் யூ-பூட் ஆயிற்று. நாண்டிலிருந்து நேரடியாக நிரலை ஓட்ட முடியாது என்பதால் வேலை படிப்படியாக நடந்தது. சாம்சங்கின் எஸ்3சி2410 சிப் நாண்டின் முதல் 4 கிலோபைட்டைத் தானே உள்நினைவகத்துக்கு இழுத்துக்கொள்ளும். ராம் நினைவகத்தை எழுப்பி மிச்சத்தை அழைத்துவருவது அந்த 4 கிலோபைட்டின் பொறுப்பு. சென்னை ஐஐடியின் சக்தி திட்டத்தில் உருவான ரைஸ்கிரீக் சிப்பில் 2018இல் லினக்ஸ் ஓடியது. அது சார்ந்த ரிஸ்க்-வி என்ற கட்டளைத் தொகுப்பின் உலகத்திலும் இதே படிவரிசைதான். ஓப்பன்எஸ்பிஐ என்ற அடித்தள நிரலுக்கு மேல் பெரும்பாலும் யூ-பூட் ஏறுகிறது.

எஸ்டி அட்டையும் ஈஎம்எம்சியும் பரவியபோது பிளாஷைப் பேணும் வேலை சிப்புக்குள் இருக்கும் கட்டுப்படுத்திக்குப் போயிற்று. வெளியே அது சாதாரண டிஸ்க் போலவே தெரிவதால் எக்ஸ்ட்4 போதும். இத்தகைய பிளாஷுக்கென்றே சாம்சங் 2012இல் தந்த எஃப்2எஃப்எஸ்ஸும் உண்டு. அதே ஆண்டு வந்த ராஸ்பெர்ரி பை, பூட் கோப்புகளைப் பழைய ஃபேட் பகுதியிலேயே வைத்தது. அட்டையை எந்தக் கணினியிலும் செருகித் திருத்த அது வசதி. ஆனால் மலிவு அட்டையின் கட்டுப்படுத்தி மின்வெட்டில் என்ன செய்யும் என்பது மேலே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் கையில் இல்லை. எழுதுவதையே குறைப்பதுதான் நம்பகமான வழி. 2004இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி அதைத்தான் ரூட்டர்களில் செய்தது: சிஸ்டம் முழுவதும் படிக்க மட்டுமேயான ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில், அமைப்புகள் மட்டும் மேலடுக்கான ஜேஎஃப்எஃப்எஸ்2இல். அமைப்புகள் குழம்பினால் மேலடுக்கை அழித்தால் போதும், ரூட்டர் முதல்நாள் நிலைக்குத் திரும்பும்.