மருந்துக்குத் தடையா, பயிருக்குத் தடையா? தீங்கான பூச்சிக்கொல்லிகளை விலக்கியதன் விளைவுகள்

பூச்சிக்கொல்லித் தடை பற்றிய விவாதம் நம்மிடையே இரண்டு அச்சங்களுக்கு நடுவே நடக்கிறது. சாப்பிடும் காய்கறியில் நஞ்சு எஞ்சுகிறதே என்று ஒரு தரப்பு அஞ்சுகிறது. மருந்தை நிறுத்தினால் விளைச்சல் போய்விடுமே என்று மறுதரப்பு அஞ்சுகிறது. இரண்டையும் சான்றோடு உரசிப் பார்க்க இப்போது வாய்ப்பு உண்டு. கடந்த நாற்பது ஆண்டுகளில் ஆசிய நாடுகள் பல வெவ்வேறு வகைத் தடைகளை விதித்துப் பார்த்துவிட்டன. அவற்றில் சில பலித்தன. சில அரசிதழோடு நின்றன. ஒன்று ஒரு நாட்டின் உணவு வழங்கலையே உலுக்கியது.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரிவது இதுதான்: இன்ன நஞ்சு என்று பெயர் சொல்லி, அதைக் கடையிலிருந்தே அகற்றும் தடை உயிர்களைக் காக்கிறது, விளைச்சலையும் குறைப்பதில்லை. கடையில் இருக்கட்டும், இந்தப் பயிருக்கு மட்டும் அடிக்காதே என்னும் தடை தனித்து நின்றால் பெரும்பாலும் செல்லாக்காசு. இக்கட்டுரை நிறுவ முயல்வது இந்த வேறுபாட்டையே.

1. இலங்கை தரும் சான்று

தடையின் விளைவை நெடுங்காலம் தொடர்ந்து அளக்க முடிந்த நாடு இலங்கை. அங்கே 1984-இல் பாரத்தியானும் மீத்தைல் பாரத்தியானும் விலக்கப்பட்டன. 1995-இல் உலக சுகாதார நிறுவனம் ஒன்றாம் வகுப்பில் வைத்துள்ள கொடிய நஞ்சுகளில் எஞ்சியிருந்த மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் ஆகியவையும் நிறுத்தப்பட்டன. 1998-இல் எண்டோசல்பான் போனது. 2008-க்கும் 2011-க்கும் இடையில் டைமெத்தோயேட், பென்தியான், பாராகுவாட் ஆகியவை படிப்படியாக விலக்கப்பட்டன.

1995-இல் அந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்த தற்கொலை இறப்பு, 2005-இல் 24 ஆகக் குறைந்தது. அதன் பிறகும் சரிவு தொடர்ந்தது. 1995 முதல் 2015 வரை இத்தடைகளால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு.

இந்தச் சரிவுக்குத் தடைதான் காரணமா, வேறேதாவதா என்ற கேள்வி நியாயமானது. வேலையின்மை, மது நுகர்வு, மணமுறிவு, உள்நாட்டுப் போரின் ஏற்ற இறக்கம் ஆகிய ஒவ்வொன்றையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். எதுவும் சரிவின் காலத்தோடு பொருந்தவில்லை. இதைவிட வலுவான சான்று மருத்துவமனைப் பதிவுகளில் இருக்கிறது. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் தொகை அக்காலத்தில் குறையவில்லை. வந்தவர்களில் இறந்தோரின் விகிதம்தான் குறைந்தது. மனிதரின் துயரம் அப்படியே இருக்க, கைக்கு எட்டும் தூரத்திலிருந்த பொருளின் கொடுமை மட்டும் குறைந்திருக்கிறது. கண நேர வேகத்தில் எடுத்த முடிவிலிருந்து பிழைத்து எழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் இத்துறையில் நிலைபெற்ற முடிவு.

ஒரு தடை போதாது என்பதையும் இலங்கையே காட்டுகிறது. ஒன்றாம் வகுப்பு மருந்துகள் போனதும் உழவர்கள் எண்டோசல்பானுக்கு மாறினார்கள். 1994-இல் ஒன்றாகப் பதிவான எண்டோசல்பான் இறப்பு 1998-இல் 50 ஆனது. அதையும் தடை செய்த மூன்றாண்டுகளில் அது மூன்றாகச் சரிந்தது. ஆகவே தடை என்பது ஒரே நாளில் முடிந்துபோகும் அறிவிப்பன்று. ஒன்றை எடுத்தால் அதன் இடத்தில் எது வந்து உட்காருகிறது என்று தொடர்ந்து கவனிக்கும் பதிவாளர் அலுவலகம் அதற்கு வேண்டும். இலங்கையில் அப்படி ஒன்று இருந்தது. அதன் வெற்றியில் பாதி அங்கேதான்.

தென்கொரியா பாராகுவாட்டின் பதிவை 2011-இல் விலக்கி, 2012-இல் விற்பனையை நிறுத்தியது. பூச்சிக்கொல்லித் தற்கொலை விகிதம் அடுத்த ஈராண்டுக்குள் ஏறத்தாழ பாதியானது.

2. விளைச்சல் என்ன ஆயிற்று?

மருந்து இல்லாவிட்டால் பூச்சி தின்றுவிடும் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. கடன் வாங்கி நட்டவரின் அச்சம் அது. ஆனால் இலங்கையில் 1995, 1998 தடைகளுக்குப் பின் நெல்லிலோ முதன்மைக் காய்கறிகளிலோ தடையைக் காரணம் காட்டத்தக்க வீழ்ச்சி எதையும் ஆய்வுகள் காணவில்லை. நஞ்சு குறைந்த மாற்று மருந்துகள் சந்தையில் இருந்ததே இதற்குக் காரணம்.

இந்தோனேசியாவின் அனுபவம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே நெல்லைப் புகையான் பூச்சி அழித்தது. எவ்வளவு அடித்தார்களோ அவ்வளவு பெருகியது. புகையானைத் தின்னும் சிலந்திகளையும் வண்டுகளையும் மருந்துதான் முதலில் கொல்கிறது என்பது ஆய்வில் தெளிவானது. 1986-இல் அதிபர் சுகார்த்தோ 57 மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தார். மருந்துக்கு அரசு கொடுத்துவந்த பெரும் மானியம் 1989-க்குள் முற்றாக நிறுத்தப்பட்டது. மருந்துப் பயன்பாடு குறைந்தது. நெல் உற்பத்தி குறையவில்லை.

இது பயிர்வாரித் தடையாயிற்றே, இக்கட்டுரையின் வாதத்துக்கு முரணாயிற்றே என்று கேட்கலாம். தடையோடு மானியமும் போனது, உழவர் வயல்வெளிப் பள்ளிகள் வந்தன என்பதே விடை. வயலில் இறங்கி நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்யும் பூச்சி எது என்று எண்ணிப் பார்க்கக் கற்றவர்களுக்கு மருந்து வாங்கும் தேவையே குறைந்தது. மருந்தை மலிவாக்கும் பணமும் நின்றது. அரசாணை மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது ஐயமே.

3. இந்தியாவின் பயிர்வாரித் தடை

இந்தியா தேர்ந்தெடுத்த வழி வேறு. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்த 2005-இல் தடை வந்தது. மற்றப் பயிர்களுக்கு அது தொடர்ந்து விற்கப்பட்டது.

பூச்சி மருந்துக் கடையில் இத்தடை எப்படி இயங்கும் என்று பார்க்கலாம். வாங்க வருபவர் மருந்தின் வேதிப்பெயரைச் சொல்லிக் கேட்பது அரிது. கத்தரியில் காய்ப்புழு, வெண்டையில் அசுவினி என்று நோவைச் சொல்வார். கடைக்காரர் புட்டியை எடுத்துத் தருவார். அந்தப் புட்டியின் லேபிளில் சாய்சதுரக் கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் நஞ்சு, மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்க இறங்கக் கடுமை குறைவு. எந்தப் பயிருக்கு ஆகாது என்ற எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும். பருத்திக்கு வாங்கியது பக்கத்துப் பாத்திக் கத்தரிக்குப் போகாமல் தடுக்க அந்தப் பொடி எழுத்தைத் தவிர வேறு காவல் கிடையாது.

அதன் விலையை நாடு 2013-இல் கண்டது. அவ்வாண்டு ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தின் கண்டாமன் கிராமப் பள்ளியில் சோறும் சோயா உருளைக்கிழங்குக் குழம்பும் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையலில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததை ஆய்வகம் உறுதிசெய்தது. அதைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்ற ஆணை அப்போது எட்டாண்டு பழையது. நஞ்சு வயலிலிருந்து உணவுக்கு வரவில்லை, வீட்டிலிருந்து வந்தது. விற்பனையில் இருக்கும் வரை ஒரு பொருள் வீட்டுக்குள் வரும். எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரும். எந்தப் பயிர்வாரி விதியும் அதைத் தடுக்காது.

அதே ஆண்டில் அனுபம் வர்மா தலைமையிலான குழு, பிற நாடுகள் விலக்கியும் இங்கே புழங்கிய 66 மருந்துகளை ஆராயத் தொடங்கியது. 2018-இல் 18 மருந்துகளுக்குத் தடை வந்தது. அவற்றில் ஆறுக்கு 2020 இறுதி வரை அவகாசம். 2020 மே மாதம் 27 மருந்துகளை விலக்கும் வரைவு வெளியானது. 2023-இல் வந்த இறுதி ஆணையில் முழுத் தடைக்கு உள்ளானவை ஒரு சிலவே. மோனோகுரோட்டோபாஸின் 36 விழுக்காட்டுக் கரைசலை நிறுத்தும் முடிவும் அப்போதுதான் வந்தது. பீகாருக்குப் பின் பத்தாண்டு.

மாநிலங்களின் கையும் கட்டப்பட்டிருக்கிறது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மாநில அரசு தற்காலிகத் தடையே விதிக்கலாம். அதனால்தான் தமிழ்நாடு மோனோகுரோட்டோபாஸ், அசிபேட் உள்ளிட்ட ஆறு மருந்துகளை நிறுத்தியபோது அது 60 நாள் தடையாக அமைந்தது. கடைக்காரர் இருப்பை உள்ளே வைத்துக் காத்திருக்கக்கூடிய காலம் அது.

4. உணவில் எஞ்சுவது

எச்சம் பற்றிய அச்சத்துக்கு அடிப்படை உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 23 பள்ளிக் குழந்தைகளுக்கு ஐந்து நாள் இயற்கை வேளாண் உணவு மட்டும் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவற்றின் சிதைபொருள்கள் கண்டறிய முடியாத அளவுக்கு உடனே இறங்கின. பழைய உணவுக்குத் திரும்பியதும் மீண்டும் ஏறின. நோய் குறைந்தது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. உணவே முதன்மை வழி என்பதையும், வழியை அடைத்தால் பலன் சில நாளில் தெரியும் என்பதையும் அது காட்டுகிறது. டிடிடி போன்ற நீடிக்கும் நஞ்சுகளில் கதை வேறு. தடைக்குப் பின் சுவீடனில் தாய்ப்பாலில் அதன் அளவு குறைந்துகொண்டே வந்தது, ஆனால் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

எச்சத்தைக் கட்டுப்படுத்த இந்தியா நம்பியிருப்பது உச்ச வரம்பையும், மருந்தடித்த பின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாள்களையும். வாரம் இருமுறை பறித்துச் சந்தைக்கு அனுப்பும் கத்தரியில் காத்திருப்பு எங்கே சாத்தியம்? சோதனை நடக்கும் இடத்தில் மட்டும் விதி உயிர் பெறுகிறது. நெல்லின் குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோலின் வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று குறைத்து, 2018 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாசுமதி ஏற்றுமதி தடுமாறவே, பஞ்சாப் அரசு அம்மருந்து உள்ளிட்ட பத்து மருந்துகளைப் பாசுமதிக்கு 60 நாள் தடுக்கத் தொடங்கியது. வெளிநாட்டுத் துறைமுகம் திருப்பி அனுப்பும் என்ற பயம் செய்த வேலையை, உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் மூட்டைக்கு யாரும் செய்வதில்லை.

5. 2021 சொல்வது என்ன?

தடைகளை எதிர்ப்போர் கைகாட்டுவது இலங்கையின் 2021-ஐ. அவ்வாண்டு மே மாதம் கோட்டாபய ராஜபக்ச அரசு இரசாயன உரம், வேளாண் இரசாயனம் அனைத்தின் இறக்குமதியையும் ஒரே வீச்சில் நிறுத்தியது. நவம்பரில் பின்வாங்கியது. ஆனால் அடுத்து வந்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது, தேயிலையும் அடிவாங்கியது.

இதை 1995-இன் தொடர்ச்சியாகப் படிப்பது தவறு. 1995-இல் பெயர் சொல்லிச் சில நஞ்சுகள் விலக்கப்பட்டன. மாற்று கடையில் இருந்தது. காரணம் மருத்துவப் பதிவில் இருந்தது. 2021-இல் பயிருக்குச் சோறாகிய உரமும் சேர்ந்து நின்றது, மாற்று உரம் நாட்டில் இல்லை, அவகாசமும் இல்லை. விளைச்சல் வீழ்ச்சியில் பெரும்பங்கு தழைச்சத்துப் பற்றாக்குறையின் பங்கு. ஒரே நாடு இரு வேறு கருவிகளை எடுத்தது. இரு வேறு விளைவு வந்தது. 2015-இல் களைக்கொல்லியான கிளைபோசேட்டுக்கு விதித்த தடையை 2018-இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் தளர்த்த நேர்ந்ததும் இதே பாடத்தைச் சொல்கிறது. சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட்டே காரணம் என்று கருதி, அது நிறுவப்படும் முன்னே தடை வந்துவிட்டது.

6. முடிவு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறலாம். முதலாவது, தடையின் மிக உறுதியான பயன் உழவர் வீட்டில் தெரிகிறது. உண்பவருக்குக் கிடைக்கும் பயன் உண்மையானது என்றாலும் அளக்கக் கடினமானது. நகரத்து நுகர்வோரின் நலனை மட்டும் முன்வைத்துத் தடை கேட்பது வாதத்தின் வலுவான பாதியைக் கைவிடுவதாகும். இரண்டாவது, ஒன்றாம் வகுப்பு நஞ்சுகளைப் பயிர் பார்த்து அனுமதிக்கும் முறையை விட்டுவிட்டு, பதிவையே இரத்து செய்ய வேண்டும். இருப்பைத் தீர்க்க விற்பனை அவகாசம் தருவதைவிட நிறுவனங்கள் திரும்பப் பெறுவதே பொருந்தும். மூன்றாவது, மாற்று மருந்தும் வயல்வெளிப் பயிற்சியும் தடை ஆணையோடு சேர்ந்தே வர வேண்டும். மாநிலங்களுக்கு நிலையான தடை விதிக்கும் அதிகாரம் சட்டத்தில் இடம்பெற வேண்டும். இலங்கை 1995-இல் செய்துமுடித்ததை இந்தியா இன்னும் தவணை முறையில் செய்துகொண்டிருக்கிறது. இந்தத் தாமதத்துக்கு விளைச்சலைக் காரணமாகச் சொல்ல இதுவரையிலான சான்று இடம் தரவில்லை.