கொம்யூன் (சொல் வரலாறு)

கொம்யூன் என்பது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ளாட்சி அமைப்பைக் குறிக்க வழங்கும் பிரெஞ்சுச் சொல்லாகும். காரைக்கால் மாவட்டத்தில் கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் இச்சொல் வழக்கில் இல்லை. அங்கு ஊராட்சி ஒன்றியம் என்பர். அன்றாட ஆங்கிலச் சொல்லான 'காமன்' இதன் உடன்பிறப்பு.

சொற்பிறப்பு

இலத்தீனில் 'கொம்' என்றால் 'உடன், சேர்ந்து'. 'மூனுஸ்' என்றால் 'கடமை, பொதுப்பணி'. கடமையைச் சேர்ந்து சுமப்பது என்ற கருத்திலிருந்து 'கொம்மூனிஸ்' (பொதுவானது) பிறந்தது. இது பழைய பிரெஞ்சில் 'கொமுன்' ஆயிற்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலத்தில் புகுந்த பிரெஞ்சுச் சொற்களுள் ஒன்றாக இது 'காமன்' எனத் திரிந்தது. பிரான்சிலோ, தம்மைத் தாமே ஆளும் உரிமை பெற்ற இடைக்கால நகரங்கள் 'கொம்யூன்' எனப்பட்டன. 1789 புரட்சிக்குப் பின் அது நிர்வாகத்தின் அடித்தள அலகாயிற்று.

'மூனுஸ்' தந்த வேறு சொற்களும் நமக்குப் பழக்கமானவையே. 'முனிசிபாலிட்டி' என்பதில் கடமையை ஏற்றல் என்ற பொருள் உண்டு. 'இம்யூனிட்டி' என்பது உரோமானியச் சட்டத்தில் வரியிலிருந்தும் பொதுப்பணியிலிருந்தும் பெறும் விலக்கு. நோய் எதிர்ப்பு என்ற மருத்துவப் பொருள் பின்னர் வந்தது.

காரைக்காலில்

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1880 மார்ச் 12ஆம் நாளின் ஆணை பிரெஞ்சிந்தியாவை 10 கொம்யூன்களாகப் பிரித்தது. அவற்றுள் 3 காரைக்காலில் இருந்தன. 1907இல் மொத்தம் 17 ஆகவும் காரைக்காலில் 6 ஆகவும் உயர்ந்தன. கொம்யூனின் தலைவர் 'மேர்', அவரது அலுவலகம் 'மேரி'. 'பெரியவர்' எனப் பொருள்படும் இலத்தீன் 'மாயோர்' பிரெஞ்சு வழியே காரைக்காலுக்கு 'மேர்' ஆகவும், ஆங்கிலம் வழியே சென்னைக்கு 'மேயர்' ஆகவும் வந்து சேர்ந்தது.

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் அருகேயுள்ள கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும் வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவளித்தனர். பிரெஞ்சு ஆட்சி உருவாக்கிய மன்றங்களின் உறுப்பினர்களே அவ்வாட்சியின் முடிவுக்கு வாக்களித்தனர்.

1973ஆம் ஆண்டுச் சட்டங்களால் மேர் முறை நீங்கியது. ஆனால் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயரில் பழைய சொல் நிலைத்தது. எனினும் 1968 உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் நடந்தது. கடமையைச் சேர்ந்து சுமப்பது என்ற பொருளுடைய பெயர் பலகையில் இருந்தால் மட்டும் போதாது. சுமக்க மக்கள் தேர்ந்தெடுத்தவர்களும் வேண்டும் என்பதை அந்த இடைவெளி காட்டுகிறது.