விமானியின் ஒரு மணித்தியாலம் என்ன விலை?

விமானி எண்டாலே எங்களுக்கு முதல் வாற நினைப்பு, நல்ல சம்பளக்காரர் எண்டதுதான். அதனால ஒரு விமானக் கம்பனி நட்டத்தில விழுந்தால் "விமானிகளுக்கு அள்ளிக் குடுத்துத்தான் இந்த நிலைமை" எண்டு யாரோ ஒருத்தர் சொல்லுவார். பக்கத்துக் கம்பனியின் கணக்கையும் எடுத்துக் காட்டுவார். இந்த ஒப்பீடு எங்கயிருந்து வந்தது, அது யாருக்கு உதவியது எண்டு பார்க்க அமெரிக்க விமானத்துறையின் வரலாறு நல்ல இடம்.

முதலில கணக்கு. ஒரு கம்பனி விமானிக்கு மாதம் 10,000 டொலர் குடுக்குது, அவர் 50 மணித்தியாலம் பறக்கிறார் எண்டு வைத்துக்கொள்ளுவம். மணித்தியாலத்துக்கு 200 டொலர். இன்னொரு கம்பனி 12,000 டொலர் குடுக்குது, அவர் 80 மணித்தியாலம் பறக்கிறார். அங்க 150 டொலர்தான். கூடச் சம்பளம் குடுக்கிற கம்பனிதான் மலிவாக முடிக்குது. இந்தச் சின்னக் கணக்கை மறந்தபடிதான் பல சம்பளச் சண்டைகள் நடந்திருக்கின்றன.

அமெரிக்க விமானிகளின் சம்பள முறைக்கு வேர் 1930களில் இருக்கிறது. 1931இல் விமானிகள் சங்கம் உருவானது. அடுத்த வருசமே செஞ்சுரி எயார்லைன்ஸ் முதலாளி ஈ. எல். கோர்ட் சம்பளத்தை வெட்டப்போக, சிகாகோவில் பெரிய மோதல் வந்தது. 1934இல் தேசிய தொழில் சபை தனது 83ஆவது தீர்மானத்தில், விமானி மாதத்துக்கு 85 மணித்தியாலத்துக்கு மேல் பறக்கக்கூடாது எண்டு வரையறுத்தது. அடிப்படைச் சம்பளத்தோட விமானத்தின் வேகமும் பறக்கிற தூரமும் சம்பளத்தில சேர்ந்தன. போருக்குப் பிறகு விமானத்தின் எடையும் சேர்ந்தது. விமானம் பெரிசாகி வேகமாக, விமானியின் உழைப்பு கூடப் பெறுமதியாகுது. அந்த ஆதாயத்தில அவருக்கும் பங்கு வேணும் எண்டதுதான் இதன் நியாயம்.

1938க்குப் பிறகு கட்டணங்களையும் வழித்தடங்களையும் அரசே தீர்மானித்தது. செலவு கூடினால் அதைக் காட்டிக் கட்டணத்தையும் கூட்டிக் கேட்கலாம். அதனால கம்பனிகளுக்குச் சங்கத்தோட இழுபறிப்பட பெரிய அவசியம் இருக்கவில்லை. சங்கத்தின் பக்கமும் பிழை இல்லாமல் இல்லை. இரண்டு பேர் ஓட்டக்கூடிய போயிங் 737ஐ யுனைட்டட் பல வருசமா மூன்று பேரை வைத்து ஓட்டியதற்குச் சங்கத்தின் நெருக்குதலே காரணம். இரண்டு பேர் போதும், பாதுகாப்புக்குக் குறைவில்லை எண்டு ஜனாதிபதியின் குழு 1981இல்தான் முடிவு சொன்னது.

1978 ஒக்டோபர் 24இல் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில கையெழுத்திட்டார். யாரும் எங்கயும் பறக்கலாம், கட்டணத்தைச் சந்தை தீர்மானிக்கும். 1981இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் போன்ற புதுக் கம்பனிகள் வந்தன. சங்கம் இல்லை, சம்பளம் குறைவு, விமானிகள் தரையில இருக்கிற நேரத்தில அலுவலக வேலையும் பார்த்தார்கள். பழைய கம்பனிகளின் முதலாளிமார் உடனே கணக்கு அட்டவணையை மேசையில போட்டார்கள்: "அவன்ர விமானி இவ்வளவு மலிவு, எங்கட விமானி இவ்வளவு செலவு."

ஆனால் அந்த அட்டவணையில ஒரு ஓட்டை இருந்தது. விமானிகளின் சம்பளம் சேவை வருசத்தோட ஏறுற ஏணி. நேற்றுத் தொடங்கிய கம்பனியில எல்லாரும் ஏணியின் அடியில. முப்பது வருசக் கம்பனியில பாதிப்பேர் உச்சியில. இரண்டையும் ஒப்பிட்டால் அது பெருமளவுக்கு வயது வித்தியாசம்தான். புதுக் கம்பனியும் ஒருநாள் கிழடாகும்.

அதை யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. 1983 செப்டம்பர் 24இல் ஃபிராங்க் லொரென்சோ தனது கொன்டினென்டல் கம்பனியை வங்குரோத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். கையில காசு முழுசா முடிந்திருக்கவில்லை; தொழிற்சங்க ஒப்பந்தங்களைக் கிழிக்கத்தான் அந்த வழி. ஏறத்தாழ 12,000 பேர் வேலை செய்த கம்பனி மூன்று நாளில் 4,000 பேரளவில் திரும்பப் பறந்தது. கப்டன்மாரின் சம்பளம் பாதியாகி வருசத்துக்கு 43,000 டொலரானது. விமானிகளின் வேலைநிறுத்தம் இரண்டு வருசம் இழுபட்டுத் தோற்றது. வங்குரோத்தைக் காட்டி ஒப்பந்தத்தை இப்படித் தன்னிச்சையாகத் தூக்கி எறியிறதுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் 1984இல் கட்டுப்பாடு போட்டது. கொன்டினென்டல் ஆக்களுக்கு அது பிந்திப் போயிட்டுது.

அமெரிக்கன் எயார்லைன்ஸின் ரொபேர்ட் கிரண்டல் இன்னும் நுணுக்கமானவர். இருக்கிற விமானியின் சம்பளத்தில கை வைக்கவில்லை. 1983இல், இனிமேல் வாறவர்களுக்கு வேறு, மிகக் குறைந்த சம்பள அட்டவணை எண்டு ஒப்பந்தம் செய்தார். வாக்களிக்க அங்க இன்னும் இல்லாத ஆக்களின் சம்பளத்தைத்தான் இருந்தவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். 1985இல் யுனைட்டட் இதையே கேட்க, விமானிகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நேரம் யுனைட்டட் 570 புது விமானிகளைப் பயிற்சிக்கு எடுத்திருந்தது. வேலைநிறுத்தத்தை உடைப்பார்கள் எண்ட நம்பிக்கை. ஏறத்தாழ எல்லாருமே உள்ள போக மறுத்தார்கள். இரட்டைச் சம்பள முறையை முழுசா நிறுத்த முடியவில்லை, காலத்தால் குறுக்கத்தான் முடிந்தது. ஆனாலும் இன்னும் வேலைக்கே சேராத இளம் ஆக்கள் மூத்தவர்களோட நிண்டது மறக்கக்கூடிய விசயமில்லை.

இதே காலத்தில சௌத்வெஸ்ட் வேறு பாதையில போனது. 1971இல் டெக்சாஸ் நகரங்களுக்கிடையில பறக்கத் தொடங்கிய சின்னக் கம்பனி. அடுத்த வருசம் காசு முடிந்து, இருந்த நாலு விமானத்தில ஒன்றை விற்க வேண்டி வந்தது. நாலு விமானத்தின் நேர அட்டவணையை மூன்றால ஓட்டினார்கள். எப்படி? விமானம் இறங்கி, ஆக்களை இறக்கி ஏற்றித் திரும்பப் புறப்பட பத்து நிமிசம்தான். ஒரே வகை விமானம் எண்டதால எந்த விமானியும் எந்த விமானத்திலயும் ஏறலாம். வகைக்கு வகை தனிப் பயிற்சி தேவையில்லை. விமானி விமான நிலையத்தில சும்மா குந்தியிருக்கிற நேரம் குறைஞ்சுது. அவர்களுக்குச் சங்கமும் இருந்தது.

இங்கதான் முக்கியமான விசயம் இருக்கு. விமானி எத்தனை மணித்தியாலம் பறக்கிறார் எண்டது பெரும்பாலும் அவரின் கையில இல்லை. அமெரிக்க விதிப்படி வருசத்துக்கு 1,000 மணித்தியாலம் வரை பறக்கலாம். அதை எட்டவிடாமல் செய்வது இணைப்பு விமானத்துக்காகக் காத்திருக்கிற அட்டவணை, பல வகை விமானங்கள், பயணியாக அனுப்பி வேறு நகரத்தில வேலைக்கு ஏற்றுகிற ஒழுங்கு. இதையெல்லாம் வரைவது நிர்வாகம். பிறகு "உற்பத்தித்திறன் குறைவு" எண்டு விமானியின் பெயரில எழுதுவதும் அதே நிர்வாகம். 2001க்குப் பிறகு யுனைட்டட், டெல்டா எல்லாம் சம்பளத்தை வெட்டின. டெல்டா விமானிகள் 2004இல் 32.5 வீதம் விட்டுக்கொடுத்தும் அடுத்த வருசம் கம்பனி வங்குரோத்துக்குப் போனது.

வெட்டின செலவு காணாமல் போகவில்லை, கீழ போனது. பெரிய கம்பனிகள் சின்ன வழித்தடங்களைத் துணைக் கம்பனிகளிடம் குடுத்தன. 2009 பெப்ரவரி 12இல் பஃபலோ அருகே கொல்கன் எயார் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். முதல் காரணம் கப்டனின் பிழையான கையாளல்தான். ஆனால் விசாரணையில இன்னொரு கதையும் வந்தது. துணை விமானி சியாட்டிலில் இருந்து இரவோடு இரவா நாட்டைக் குறுக்கே கடந்து நியூவார்க்குக்கு வேலைக்கு வந்திருந்தார். ஓய்வு விதிகள் இறுக்கப்பட்டது அதுக்குப் பிறகுதான்.

2023இல் விமானிகள் தட்டுப்பாடு வந்தபோது அதே டெல்டா நாலு வருசத்தில 34 வீதச் சம்பள உயர்வுக்கு ஒத்துக்கொண்டது. அப்ப யாரும் பழைய அட்டவணையை மேசையில போடவில்லை.

ஆகவே அடுத்தமுறை யாராவது இரண்டு கம்பனிகளின் தொழிலாளர் செலவை ஒப்பிட்டுக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கோ. அந்த ஆக்களுக்கு எத்தனை வருசச் சேவை? அவர்களின் நேரத்தை வீணாக்கியது யார்? குறைத்த செலவை இப்ப யார் சுமக்கினம்?