கட்டாயம் யாருக்கு? வீட்டுக் கல்வியும் சேரிப் பிள்ளைகளும்



முண்டியம்பாக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குச் சென்ற ஆண்டு ஒரு தாய் வந்தார். கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. பள்ளியில் மகனைச் சாதி சொல்லித் திட்டியிருக்கிறார்கள். ஒரு வாரமாகப் பையன் போகவில்லை. "வூட்லயே வச்சுப் படிக்க வைக்கலாமா அக்கா? எம்மேல கேஸு போடுவாங்களா?" என்று கேட்டார். இந்த உரை அவருக்குச் சொல்லும் பதில்தான்.

முதலில் சட்டம். 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதன் வழியே வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10ஆவது பிரிவு. ஆனால் அதை மீறும் பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி அது அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வீட்டில் படிக்கும் பிள்ளை தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயதானால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம்.

ஆகவே அந்தச் சட்டத்தின்படி அந்தத் தாய்மேல் வழக்கு வராது. ஆனால் வழக்கு வராது என்பதாலேயே அது நமக்கான வழி ஆகிவிடுமா? இதற்கு வரலாறுதான் பதில் சொல்ல வேண்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை தந்தார். 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்குத் தந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் நம் முன்னோர் கேட்டது ஒன்றுதான்: பள்ளிக்கூட வாசல் திறக்க வேண்டும்.

திறந்த வாசலைப் பாதி மூடியது 1953. ராஜாஜி அரசின் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு இல்லை. சேரிப் பிள்ளைக்குப் பெற்றோரின் தொழில் எது? பண்ணையார் நிலத்தில் கூலி வேலை, செத்த மாடு தூக்குவது. அதனால்தான் எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். பெரியார் போராட்டம் நடத்தினார். 1954 மே மாதத்தில் காமராசர் அரசு அதைக் கைவிட்டது.

'வீட்டில் படிக்கட்டும்' என்ற சொல் வசதியுள்ள குடும்பத்துக்கு ஒரு தேர்வு. படித்த பெற்றோரும் ஓய்வு நேரமும் புத்தகமும் அங்கே இருக்கின்றன. விடியுமுன் கரும்புக் கொல்லைக்குப் போகும் குடும்பத்துக்கு அதே சொல் வெளியேற்றம்தான். கொரோனா முடக்கத்தில் இதை நாம் கண்ணால் பார்த்தோம். அந்த இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று நம் மாவட்டத்து மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. அதுவும் பள்ளிக்குத் துணையாக வந்ததே தவிர, பள்ளிக்கு மாற்றாக அல்ல.

இனி, நாம் படிக்க மறக்கும் பிரிவுக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு 'கட்டாயக் கல்வி' என்பதை அரசின் கடமையாகவே விளக்குகிறது. பிள்ளை பள்ளியில் சேர்வதையும், வருவதையும், முடிப்பதையும் அரசே உறுதி செய்ய வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளை பாகுபாட்டுக்கு ஆளாகிப் படிப்பை விடாமல் காக்க வேண்டியதும் அரசுதான். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 17ஆவது பிரிவு தடை செய்கிறது.

தன்மேல் வழக்கு வருமோ என்று அந்தத் தாய் பயந்தார். சட்டமோ பள்ளியையும் அரசையும்தான் கேள்வி கேட்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டு மனு எழுதினோம். பத்துப் பேர் சேர்ந்து போய்த் தலைமையாசிரியரிடம் கொடுத்து, கையெழுத்துடன் நகல் வாங்கினோம். பையன் மறுபடியும் பள்ளிக்குப் போகிறான். மாலையில் எங்கள் வகுப்புக்கும் வருகிறான்.

மாணவ நண்பர்களே, உங்கள் தெருவிலும் பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளை இருக்கும். ஏன் போகவில்லை என்று கேளுங்கள். பதிலைக் கேட்டபின் பள்ளி வாசலுக்கு அந்தப் பிள்ளையோடு நீங்களும் போங்கள்.