வானத்தில் வகுத்த எல்லை

‘கண்டெம்பிளேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆழ்ந்து சிந்தித்தல் என்று அகராதியில் படித்தபோது, கண்மூடி அமர்ந்த முனிவர் ஒருவரின் உருவமே என் மனத்தில் எழுந்தது. பின்னாளில் அதன் பிறப்பைத் தேடிச் சென்றேன். வியப்பு! கண்ணை அகலத் திறந்து வானத்தைப் பார்த்தவர்களிடையே பிறந்த சொல் அது.

‘டெம்ப்ளும்’ என்னும் இலத்தீன் சொல்லே இதற்கு வேர். கோயிலைக் குறிக்கும் ‘டெம்பிள்’ என்பதும் அதன் வழி வந்ததே. ஆயினும், பண்டை ரோமில் அது கட்டடத்தை மட்டும் குறிக்கவில்லை. ‘ஆகர்’ எனப்பட்ட நிமித்தக் குருமார் நுனி வளைந்த கோலை ஏந்தி வானில் ஓர் எல்லை வகுப்பர். அந்த எல்லைக்கும் டெம்ப்ளும் என்றே பெயர். அதனுள் தோன்றும் பறவைகளைக் கூர்ந்து நோக்கித் தெய்வத்தின் இசைவை அறிவர். நாம் புள் நிமித்தம் என்போமே, அதுதான்.

இந்த நோக்குக்கு அரசியலில் பெரும் வலிமை இருந்தது. உயர் அதிகாரி ஒருவர் ‘வானத்தை நோக்குகிறேன்’ என்று அறிவித்தால் மக்கள் பேரவை கூடுதல் ஆகாது. கி.மு. 59ஆம் ஆண்டில் ஜூலியஸ் சீசரும் பிபுலஸும் ஒருங்கே கான்சல் பதவி வகித்தனர். சீசரின் நிலச் சட்டத்தைத் தடுக்கச் சென்ற பிபுலஸின் தலையில் யாரோ சாணக்கூடையைக் கொட்டினார்கள் என்கிறார் புளூட்டார்க். பிபுலஸ் வீட்டுக்குள் புகுந்துகொண்டார். எஞ்சிய மாதங்களெல்லாம் ‘வானத்தை நோக்குகிறேன்’ என்று அறிக்கை விடுத்தவண்ணம் இருந்தார். உண்மையில் வானத்தை நோக்கினாரா என்பது ஐயமே! சீசரோ அதைப் பொருட்படுத்தாமல் சட்டங்களை நிறைவேற்றினார். ‘இவ்வாண்டின் கான்சல்கள் ஜூலியஸும் சீசரும்’ என்று நகரத்தார் நகையாடினர்.

இத்தகைய போலி நோக்கைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் சிசரோ. கி.மு. 53இல் தாமே ஆகர் ஆனவர், ஆயினும் கி.மு. 44இல் எழுதிய நூலில், பறவைகளைக் கொண்டு எதிர்காலத்தை அறிய முடியாது என வாதிட்டார். நிமித்தத்தில் நம்பிக்கை தளர்ந்தது. நோக்குதல் என்ற சொல் மட்டும் தளரவில்லை. கிரேக்க மெய்யறிஞர்கள் அறிவால் உண்மையைக் காண்பதைத் ‘தியோரியா’ என்றனர். அதுவும் காண்டல் என்னும் பொருளுடையதே. அதற்கு ஈடாக ரோமர் ‘கண்டெம்ப்ளாட்டியோ’ என்பதை ஆண்டனர். பின்னர்க் கிறித்துவத் துறவிகள் அந்நோக்கை உள்முகமாகத் திருப்பினார்கள். நான் கற்பனை செய்த முனிவர் அப்போதுதான் வந்து சேருகிறார்.

இருப்பினும் பழம்பொருள் முற்றும் அழியவில்லை. ஓவியத்தின் முன் நெடுநேரம் கண் இமையாமல் நிற்பவரைக் குறிக்கவும் ஆங்கிலேயர் இன்றும் இச்சொல்லையே வழங்குகின்றனர்.