தோன்றா எழுவாய்: ஒரு பதிவேட்டின் வரலாறு

1974ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஏப்ரலில் அரசின் நலத்துறை உள்ளாட்சிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. விபத்தால் அல்லாமல் காயம்படும் குழந்தைகளைக் கவனிக்க ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குழு இருக்க வேண்டும், அப்படிப்பட்ட குழந்தைகளின் பெயர்களை ஒரு பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும் என்றது அது. அதே ஆண்டில், கணவனிடம் அடிபட்டு வெளியேறிய பெண்களுக்குப் புகலிடம் நடத்திவந்த சிறு சிறு குழுக்கள் ஒன்றுகூடி, தேசியப் பெண்கள் உதவிக் கூட்டமைப்பை உருவாக்கின. லண்டனின் சிஸ்விக் பகுதியில் முதல் புகலிடம் திறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

தாயை அடிக்கிற கையும் குழந்தையை அடிக்கிற கையும் பல வீடுகளில் ஒன்றுதான். ஆனாலும் ஒரே வீட்டுக்கு இரண்டு கணக்குகள் தொடங்கப்பட்டன. பெண்கள் தாங்களே தொடங்கிய கணக்கு ஒன்று, அரசு தொடங்கிய கணக்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது.

தமிழ் இலக்கணம் நடத்துகிறவளுக்கு இங்கிலாந்தின் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையை அரசு ஆவணங்கள் எந்த மொழியில் எழுதுகின்றன என்று தேடிப்போனபோது அந்நாட்டு விசாரணை அறிக்கைகள் கையில் கிடைத்தன. எந்த வாக்கியத்தைப் படித்தாலும் எழுவாய் எங்கே என்று தேடுவது என் தொழில் கொடுத்த பழக்கம். 'அடித்தான்' என்று எழுதினால் போதும், 'அவன்' என்ற சொல் இல்லாமலேயே அவன் அங்கே இருக்கிறான். அதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். இந்த அறிக்கைகளைப் படித்தபோது எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்த இலக்கணக் குறிப்பு அதுதான். வினை இருக்கிறது, காயம் இருக்கிறது, செய்தவன் கோப்பில் தோன்றுவதில்லை.

சுற்றறிக்கைக்குக் காரணமானவள் மரியா கோல்வெல் என்ற ஏழு வயதுச் சிறுமி. கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட, தந்தையின் சகோதரி, நம் முறையில் சொன்னால் அத்தை, அவளை வளர்த்தாள். 1971இல் அவள் தாயிடம் திருப்பி அனுப்பப்பட்டாள். 1973 ஜனவரியில் மாற்றாந்தந்தை வில்லியம் கெப்பிள் அவளை அடித்துக் கொன்றான். மரியாவைக் கண்காணிக்கும் பொறுப்பு கிழக்கு சசெக்ஸ் நிர்வாகத்திடம் இருந்தது. அவள் வாழ்ந்த பிரைட்டன் அன்று தனி உள்ளாட்சி. அண்டை வீட்டாரும் பள்ளி ஆசிரியையும் கவலையோடு தகவல் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது, துண்டுகளை ஒட்டிப் பார்க்க யாரும் இல்லை. விசாரணையின்போது பொதுமக்களின் கோபம் தாயின் மீதும், குழந்தையைக் கவனித்துவந்த இளம் சமூகப் பணியாளரின் மீதும் பாய்ந்தது. இருவரும் பெண்கள். அடித்துக் கொன்றவனின் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

துண்டுகளை ஒட்டும் கருவியாகத்தான் பதிவேடு வந்தது. மருத்துவமனைக்கு ஒரு குழந்தையைக் காயத்தோடு கொண்டுவந்தால், மருத்துவர் தொலைபேசியை எடுத்து, 'இந்தப் பெயர் உங்களிடம் இருக்கிறதா?' என்று கேட்கலாம். பெயரைச் சேர்ப்பதா நீக்குவதா என்று முடிவுசெய்ய ஒரு கூட்டம் கூடும். சமூகப் பணியாளர், செவிலியர், ஆசிரியர், காவலர் எல்லோரும் அதில் உட்காருவார்கள். எந்த வகைத் தீங்கு என்பதும் குறிக்கப்படும். இன்று அந்த வகைகள் நான்கு: உடல் வன்முறை, பாலியல் வன்முறை, மன வன்முறை, புறக்கணிப்பு. தீங்கின் வகைக்கு ஒரு தலைப்பு உண்டு. தீங்கு செய்தவருக்கு அந்த நான்கில் ஒரு தலைப்பும் இல்லை.

இன்னொரு சிக்கலும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. பதிவேடு அந்தந்த உள்ளாட்சிக்குச் சொந்தம். இங்கிலாந்தில் இன்று குழந்தைகள் நலப் பொறுப்புள்ள உள்ளாட்சிகள் 150க்கும் அதிகம். லண்டனில் ஒரு தெருவின் இடப்பக்கம் ஒரு கவுன்சில், வலப்பக்கம் வேறு கவுன்சில் என்றுகூட இருக்கும். குழந்தை தாயோடு இடம் மாறினால், பெயர் ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பயணத்தில்தான் பல குழந்தைகள் தொலைந்தார்கள்.

கிம்பர்லி கார்லைல் நான்கு வயதுச் சிறுமி. குடும்பம் வடமேற்கில் உள்ள விர்ரல் பகுதியிலிருந்து லண்டனின் கிரீனிச்சுக்கு வந்தது. தாய் அங்கே நைஜல் ஹால் என்பவனோடு வாழத் தொடங்கியிருந்தாள். விர்ரலில் அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் இருந்தார்கள், கிரீனிச்சுக்கு அது புதுக் குடும்பம். குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று போன சமூகப் பணி அதிகாரியை ஹால் உள்ளே விடவில்லை. கதவில் பதித்திருந்த சிறு கண்ணாடி வழியாக மட்டும் குழந்தையைப் பார்க்க முடிந்தது. 1986 ஜூனில் கிம்பர்லி இறந்தாள். ஹாலுக்குக் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை, தாய்க்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை. அரசின் கண்ணுக்கு அந்த வீட்டில் கிடைத்த இடம் அந்தக் கண்ணாடித் துண்டின் அளவுதான். அதை அளந்து கொடுத்தவன் அந்த ஆண்.

1989இல் வந்த குழந்தைகள் சட்டம், குழந்தைக்குக் கணிசமான தீங்கு நேர்கிறது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் உள்ளாட்சி விசாரித்தே ஆக வேண்டும் என்று கடமையாக்கியது. 47ஆம் பிரிவு என்றால் இன்றும் அந்நாட்டுச் சமூகப் பணியாளர்கள் அனைவருக்கும் புரியும். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏழரை ஆண்டுகள் கழித்துத்தான் விக்டோரியா கிளிம்பியே லண்டனுக்கு வந்தாள்.

ஐவரி கோஸ்ட்டில் பிறந்த அந்தக் குழந்தையை, படிக்க வைப்பதாகச் சொல்லி, தந்தைவழிப் பெரிய அத்தை மரி-தெரேஸ் குவாவோ அழைத்துவந்தாள். குழந்தை பயணம் செய்தது 'அன்னா' என்ற வேறொரு பெயருக்கான கடவுச்சீட்டில். லண்டனின் அலுவலகங்களும் அவளை அன்னா என்றே அறிந்தன. 1999 ஏப்ரலிலிருந்து அடுத்த பத்து மாதங்களில் நான்கு உள்ளாட்சிகள் அவளைத் தொட்டன. தங்க இடம் கொடுத்தது ஈலிங், அந்த அறை இருந்தது பிரெண்டில். பிறகு குவாவோவின் துணைவன் கார்ல் மேனிங்கின் வீட்டுக்குப் போனார்கள், அது ஹாரிங்கே. கொதிநீர்க் காயத்தோடு சேர்க்கப்பட்ட மருத்துவமனையின் சமூகப் பணியாளர்கள் என்ஃபீல்டின் ஊழியர்கள். 2000 பிப்ரவரி 25 அன்று விக்டோரியா இறந்தபோது வயது எட்டு. உடலில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தருணங்கள் குறைந்தது பன்னிரண்டு என்று லேமிங் பிரபுவின் விசாரணை கணக்கிட்டது. பதிவேடு என்பதே பெயரை நம்பி நிற்கும் கருவி. அவளுக்கோ சொந்தப் பெயரே பறிக்கப்பட்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது. விக்டோரியாவை வதைத்ததில் முதற்கை ஒரு பெண்ணுடையது. கிம்பர்லியின் தாயும் தண்டனை பெற்றவள். பெண் என்பதாலேயே ஒருத்தி குழந்தைக்குக் கேடு செய்ய மாட்டாள் என்று நாம் வாதாடினால், அது தாய்மையைத் தெய்வமாக்கும் பழைய கதையின் மறுபதிப்புதான். எந்தப் பெண்ணையும் புனிதப்படுத்த வேண்டியதில்லை. நான் கேட்பது ஒரே ஒரு நியாயம்: வீட்டில் இருந்த எல்லோரும் ஏட்டில் இருக்க வேண்டும்.

லேமிங்கின் அறிக்கை 2003 ஜனவரியில் 108 பரிந்துரைகளோடு வந்தது. பதிவேட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வியிலேயே கூட்டங்கள் முடிந்துபோகின்றன, கவனம் குழந்தைக்கான திட்டத்தின் மீது இருக்க வேண்டும் என்றது அது. 2008 ஏப்ரலோடு இங்கிலாந்தில் தனிப் பதிவேடு ஒழிந்து, 'குழந்தைப் பாதுகாப்புத் திட்டம்' அதன் இடத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் பதிவேட்டை இன்றும் வைத்திருக்கின்றன. இதற்கிடையே இங்கிலாந்தின் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் குழந்தைகளையும் ஒரே கணினித் தொகுப்பில் சேர்க்க 'கான்டாக்ட்பாயின்ட்' என்ற முயற்சி நடந்தது. 2009இல் பயன்பாட்டுக்கு வந்து, அந்தரங்கம் பற்றிய எதிர்ப்புக்கும் ஆட்சி மாற்றத்துக்கும் பின் 2010 ஆகஸ்டில் அணைக்கப்பட்டது. ஒரு பக்கம் யாரையும் பார்க்காத குருட்டுத்தனம், மறுபக்கம் எல்லோரையும் பார்க்கத் துடிக்கும் ஆசை.

பதிவேடு ஒழிவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2007 ஆகஸ்டில், அதே ஹாரிங்கேயில் பீட்டர் கானலி என்ற பதினேழு மாதக் குழந்தை இறந்தது. பீட்டரின் பெயர் பதிவேட்டில் இருந்தது. அதிகாரிகள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். தாயின் துணைவன் ஸ்டீவன் பார்க்கர் அந்த வீட்டில் வசிக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. என் இலக்கணக் குறிப்புக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு வேண்டாம். குழந்தையும் பதிவாகியிருந்தது, தாயும் பதிவாகியிருந்தாள், வீட்டில் இருந்த ஆண் பதிவாகவில்லை.

பிறகு பழி தேடும் படலம். தாய்க்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, அது நீதிமன்றத்தின் வேலை. பத்திரிகைகளோ சமூகப் பணியாளர்களை வேட்டையாடின. ஹாரிங்கேயின் குழந்தைகள் துறைத் தலைவர் ஷாரன் ஷூஸ்மித்தை அமைச்சர் எட் பால்ஸ் 2008 டிசம்பரில் தொலைக்காட்சி நேரலையில் பதவியிலிருந்து அகற்றினார். அந்த நீக்கம் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புக்குக் கிடைத்த இடம், வசைக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட இல்லை.

இனி தாயின் பக்கம் வருவோம். 2002ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு, குழந்தைகள் சட்டம் 'தீங்கு' என்ற சொல்லின் பொருளை விரித்தது. மற்றவர் துன்புறுத்தப்படுவதைப் பார்ப்பதாலும் கேட்பதாலும் குழந்தைக்கு வரும் பாதிப்பும் தீங்குதான் என்றானது. 2005 ஜனவரியிலிருந்து அது நடைமுறை. அறையின் கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவின் அழுகையைக் கேட்கும் குழந்தையை முதன்முறையாகச் சட்டம் எழுத்தில் கண்டுகொண்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் நடைமுறையில் கேள்வி யாரை நோக்கித் திரும்பியது? 'ஏன் அடிக்கிறாய்?' என்று அவனைக் கேட்பதற்கு முன் 'ஏன் இன்னும் அவனோடு இருக்கிறாய்? குழந்தையைக் காப்பாற்றத் தவறிவிட்டாயே' என்று அவளைக் கேட்டார்கள். அடிபட்டதே அவளுடைய குறையாகக் கோப்பில் ஏறியது.

பிரிட்டிஷ் ஆய்வாளர் மரியான் ஹெஸ்டர் இதை மூன்று கோள்கள் என்று விளக்குகிறார். குடும்ப வன்முறை என்ற கோளில் அவன் குற்றவாளி, அவள் பாதிக்கப்பட்டவள். குழந்தைப் பாதுகாப்பு என்ற கோளில் காக்கத் தவறியவள் அவள், அவன் காணாமல்போகிறான். மணமுறிவுக்குப் பிறகு குழந்தையைப் பார்க்கும் உரிமையைப் பேசும் மூன்றாவது கோளில் அவன் நல்ல தகப்பன் ஆகிவிடுகிறான். ஒரே பெண் மூன்று கோள்களுக்கும் தாவித் தாவி வாழ வேண்டும். நான் முதலில் சொன்ன இரண்டு கணக்குகளின் நீட்சி இது.

அவள் சொல்படி கேட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். புகலிடம் பெரும்பாலும் அவனுக்குத் தெரியாத வேறு ஊரில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதாவது வேறு உள்ளாட்சி. அவள் அங்கேயே நிரந்தரமாகக் குடியேறினால், தகவல் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் புதிய உள்ளாட்சி குழந்தைப் பாதுகாப்புக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அதுவரை பழைய உள்ளாட்சி தன் திட்டத்தைக் கைவிடக் கூடாது. கிம்பர்லியும் விக்டோரியாவும் போன்ற குழந்தைகளின் சாவிலிருந்து கற்றுக்கொண்ட விதி இது, மதிக்க வேண்டிய விதி. இப்போது மருத்துவமனை அவசரப் பிரிவுகளிலும் மகப்பேறு பிரிவுகளிலும், வந்திருக்கும் குழந்தைக்குப் பாதுகாப்புத் திட்டம் உண்டா என்று கணினியில் பார்க்க முடிகிறது, எந்த ஊர்க் குழந்தையாக இருந்தாலும். பிறக்காத குழந்தைக்கும் திட்டம் உண்டு. அந்தக் குறிப்பு கர்ப்பிணியின் பதிவோடு சேர்ந்து நகர்கிறது.

கவனித்துப் பாருங்கள், எல்லாமே அவளோடு நகர்கின்றன. குழந்தை, கோப்பு, திட்டம், கூட்டம், கேள்வி. புது ஊரில், புது முகங்களுக்கு முன்னால், தன் கதையை அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவன் பழைய ஊரில், பழைய வீட்டில் இருக்கிறான். தண்டனை பெற்றவன் என்றால் காவல்துறையின் கண்காணிப்பு இருக்கக்கூடும். தண்டனையே பெறாதவன் நாளை இன்னொரு பெண்ணின் வீட்டுக்குக் குடிபோகலாம், அந்த வீட்டில் ஒரு குழந்தையும் இருக்கலாம். குழந்தையின் பெயரில் எழுதிய திட்டம் அவன் பின்னால் போவதில்லை.

2023 மார்ச் 31 அன்று இங்கிலாந்தில் 50,780 குழந்தைகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 'புறக்கணிப்பு' என்ற தலைப்பின் கீழ். சமைத்தாளா, குளிப்பாட்டினாளா, பள்ளிக்கு அனுப்பினாளா, தடுப்பூசிக்குக் கூட்டிப்போனாளா என்பவையே அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கேள்விகள். இவற்றைச் செய்ய வேண்டியவர் யார் என்று சமூகம் ஏற்கெனவே முடிவுகட்டிவிட்டதால், திட்டத்தின் பணிகள் தாயின் பணிகளாகின்றன. வீட்டு வாடகையும் குளிர்காலத்து மின்கட்டணமும் அந்தப் பட்டியலில் வருவதில்லை.

2021இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், அத்தகைய வீட்டில் வாழும் குழந்தையும் வன்முறைக்கு ஆளானவரே என்று ஏற்றுக்கொண்டது. 1974இல் தனித்தனியாகத் தொடங்கிய இரண்டு கணக்குகளும் சட்டத்தின் ஏட்டிலாவது ஒரே பக்கத்தில் வந்து சேர 47 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கூட்டம் நடக்கும் அறைகளுக்கு அது வந்து சேர இன்னும் எத்தனை காலமோ.

என் மாணவிகளில் பலர் நாளை ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் சமூகப் பணியாளர்களாகவும் போவார்கள். எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் ஒருநாள் ஒரு குழந்தையைப் பற்றி நான்கு வரி எழுத வேண்டியிருக்கும். 'குழந்தைக்குக் காயம் ஏற்பட்டுள்ளது, தாய் எச்சரிக்கப்பட்டார்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுவது எளிது. அங்கே ஒரு நிமிடம் நின்று, அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், காயத்தைச் செய்தது யார் என்று கேட்டு, அந்தப் பெயரையும் எழுதுங்கள். வகுப்பில் நான் கற்றுத்தந்த இலக்கணத்துக்கு அதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.